கனடாவுக்குப் பிணை

அக்கராயனில் குடியேறிப் பத்து வருடமாகியும் ஆண்டியப்பனை ஒருவரும் கதிரையில் இருக்கச் சொன்னதில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததில்லை. வேலி அடைக்கப் போனால் வேலியோரம், களை பிடுங்கப் போனால் வரம்பு, கூலி வாங்கப் போனால் முற்றத்து வேம்படி என்று குந்தியிருக்க அவருக்கு இடங்கள் இருந்தன. ஆனால் 1994ஆம் ஆண்டு ஆவணி மாதம், அவருடைய மகள் ராஜினி தாய் தகப்பனைக் கனடாவுக்குக் கூப்பிட ஸ்பொன்சர் செய்துவிட்டாள் என்ற கதை ஊருக்குள் பரவிய மறுநாள், வயல்காரர் மயில்வாகனம் வீட்டுக்குள்ளே பார்த்து, "ஒரு கதிரை கொண்டு வாங்கோ" என்றார்.

யாரோ பெரிய மனிதர் வருகிறாராக்கும் என்று ஆண்டியப்பன் திரும்பிப் படலையைப் பார்த்தார். படலையில் ஒருவரும் இல்லை.

கதிரை வந்தது. அதன் நுனியில், எந்த நேரமும் எழும்பத் தயாராக, அவர் இருந்தார். மயில்வாகனத்தின் பேச்சில் இலக்கணமும் மாறியது. முதல் நாள் வரைக்கும் "நீ" என்று சொன்னவர் அன்று "நீர்" என்று தொடங்கினார். தேத்தண்ணி குடித்து முடிவதற்குள் அது "நீங்கள்" ஆகிவிட்டது.

"எப்ப பயணம்?"

"தெரியாதையா. இப்பதான் போம் வந்திருக்கு."

"போம் வந்தால் பிறகென்ன, ஆளே போன மாதிரித்தான். அங்கை போன உடனை எங்கடை பொடியனை ஒருக்கால் கண்டு கதையுங்கோ. ரொறன்ரோவிலைதான் இருக்கிறான்."

ஆண்டியப்பன் தலையாட்டினார். ரொறன்ரோ கனடாவுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று அவருக்குத் தெரியாது.

ஆண்டியப்பன் பிறந்தது பூண்டுலோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில். எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் லயத்து வீடுகள் எரிந்தபோது மனைவி ஞானேஸ்வரியையும் சிறுமி ராஜினியையும் கூட்டிக்கொண்டு வன்னிக்கு லொறி ஏறினார். நெடுங்கேணிப் பக்கம் காடு வெட்டிக் கச்சான் கடலை போட்டார். கச்சான் நன்றாக விளைந்த வருடம் பார்த்து ஆமி வந்து எல்லாரையும் எழுப்பிவிட்டது. அதற்குப் பிறகுதான் அக்கராயன். குளத்துக்குக் கீழே ஒரு துண்டுக் காணி, ஒரு கொட்டில், ஒரு பசு. மற்ற நேரமெல்லாம் மயில்வாகனத்தின் பத்து ஏக்கர் வயலில் கூலிவேலை. வன்னிக்கு வந்தபின் அவர் வாயிலிருந்து "ஆமா" போய் "ஓம்" வந்தது. "போறேன்" என்பது "போறன்" ஆனது. ஞானேஸ்வரியும் அப்படித்தான். கோபம் வந்தால் மட்டும் அவளுக்குத் தோட்டத்துத் தமிழ் திரும்பி வரும். தோட்டத்துத் தமிழை ஆண்டியப்பன் மறந்துபோகாமல் இருப்பதற்கு அதுவே போதுமாக இருந்தது.

ராஜினி வளர்ந்து குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். குவைத்துக்குள் ஈராக் புகுந்ததும் அவள் வேலை செய்த வீட்டு டொக்டர் குடும்பம் கனடாவுக்குப் போனது. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவள் கையால் தவிர வேறு ஒருவர் கையாலும் சாப்பிடமாட்டார்கள் என்பதால் அவளையும் கூட்டிக்கொண்டு போனது. அங்கேயே வதிவிடம் கிடைத்து, கலியாணமும் முடித்து, முதற்பிள்ளை வயிற்றிலிருக்கும்போது அவளுக்குத் தாயின் ஞாபகம் வந்தது. அப்படி வந்ததுதான் அந்த விண்ணப்பப் போம்.

போமை நிரப்புவதற்கு ஊரில் ஒரே ஆள் கிளாக்கர் கனகலிங்கம். அரசாங்கக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் வேலை செய்து இளைப்பாறியவர். பேனையைத் திறக்க முன்னர் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பார். துடைத்த பிறகு பேனையைத் தேடுவார். அன்றைக்கு இரண்டும் முடிந்து, பெயர், தகப்பன் பெயர், பிறந்த இடம் எல்லாம் எழுதியபின் ஓரிடத்தில் நின்றார்.

"பிரசாவுரிமை?"

"எழுதுங்கோ ஐயா."

"என்னத்தை எழுதிறது? நீர் எந்த நாட்டுப் பிரசை?"

ஆண்டியப்பன் யோசித்தார். "அக்கராயன் எண்டு போடேலாதோ?"

கனகலிங்கம் பேனையை மூடி வைத்தார். இலங்கையும் இந்தியாவும் தோட்டத்துச் சனங்களைப் பங்குபோட்ட காலத்தில் ஆண்டியப்பனின் தகப்பன் எந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்தவர் என்று கேட்டார். ஒன்றுக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை "பொறு, பாப்பம்" என்று சொல்லியிருந்தார். தகப்பன் சொல்லுக் கேட்கிற மனிதர். பொறுத்தபடியே செத்துப்போனார்.

"ஒரு நாட்டை விட்டுப் போறதெண்டால் முதல்லை ஒரு நாட்டிலை இருக்க வேணும், ஆண்டியப்பன். நீர் இன்னும் ஒரு நாட்டுக்குள்ளையும் வரேல்லை."

"அப்ப நான் இவ்வளவு காலமும் எங்கை ஐயா இருந்தனான்?"

அந்தக் கேள்விக்குப் போமில் இடம் இல்லை. ஆனால் கனகலிங்கத்துக்குச் சட்டம் தெரியும். எண்பத்தெட்டாம் ஆண்டிலேயே இப்படிப்பட்டவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்திருந்தது. சத்தியக் கடதாசி ஒன்று முடித்துக் கொடுத்து விண்ணப்பித்தால் பிரசையென்று சான்றிதழ் கிடைக்கும்.

"ஆறு வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லையே."

"நீர் கேக்கேல்லையே."

ஞானேஸ்வரியின் கதை வேறு. அவளுடைய தகப்பன் துரை பங்களாவில் சமையற்காரர். கோழிக்கறியின் ருசிக்காக ஒரு துரை எங்கெங்கோ கடிதம் எழுதி அவரை இலங்கைப் பிரசையாகப் பதிவித்திருந்தார். ஆகவே மனைவிக்கு நாடு இருந்தது, புருசனுக்கு இல்லை. கனகலிங்கம் இரண்டையும் கணக்குப் பார்த்து, விண்ணப்பதாரி ஞானேஸ்வரி என்றும், ஆண்டியப்பன் அவளுடைய "தங்கிவாழ்பவர்" என்றும் எழுதினார்.

"நான் ஆரிலை தங்கி வாழுறன்?" என்று ஆண்டியப்பன் கேட்டார். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக மண்வெட்டி பிடித்த கைகளைக் கிளாக்கருக்கு முன்னால் விரித்துக் காட்டினார்.

"அது சும்மா ஒரு சொல்லு," என்றார் கனகலிங்கம்.

கொட்டிலுக்குத் திரும்பிக் குசினிக்குள் போய் அந்தச் சொல்லை ஞானேஸ்வரிக்கு ஆண்டியப்பனே சொன்னார். அவள் சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி ஊற்றியது.

அதற்குப் பிறகு காத்திருப்பு. ஊரைப் பொறுத்தவரை அவர்கள் அடுத்த கிழமை போகிறவர்கள். அடுத்த கிழமை போகிறவர்களுக்கு நாற்றுமேடை எதற்கு, புது வேலி எதற்கு? கொட்டிலின் கூரை ஒழுகத் தொடங்கியபோது ஆண்டியப்பன் கிடுகு வாங்கப் புறப்பட்டார், ஞானேஸ்வரி மறித்தாள். "போகப்போற வீட்டுக்குக் கிடுகு வேயிறதே? சனம் சிரிக்கும்." ஒழுகுகிற இடங்களில் சட்டி வைத்தார்கள். அடுத்த மாரிக்குச் சட்டிகள் போதவில்லை, குடங்களையும் வைத்தார்கள். கனடாவுக்குப் போகிறவர்கள் ஏன் குடையோடு நித்திரை கொள்கிறார்கள் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. அது அவர்களுடைய எளிமை என்று நினைத்துக்கொண்டார்கள்.

சத்தியக் கடதாசி கிளிநொச்சிக் கந்தோர் ஒன்றுக்குப் போனது. அங்கிருந்து பதில் வரவில்லை. விசாரிக்கச் சைக்கிளில் போனால், "கோப்பு மேலை போயிட்டுது" என்பார்கள். தொண்ணூற்றாறாம் ஆண்டு கிளிநொச்சியை ஆமி பிடித்தபோது பட்டணத்துச் சனமெல்லாம் அக்கராயனுக்கும் கந்தபுரத்துக்கும் வந்து மரங்களுக்குக் கீழே இறங்கியது. சனத்துக்குப் பின்னால் கந்தோர்களும் வந்து இறங்கின. ஆண்டியப்பன் சைக்கிள் மிதித்துத் தேடிப் போன கந்தோர் இப்போது அவருடைய காணிக்கு நடந்துபோகிற தூரத்தில் ஒரு தறப்பாளுக்குக் கீழே இருந்தது. அவருக்குப் பாவமாயும் இருந்தது, கொஞ்சம் சந்தோசமாயும் இருந்தது.

தறப்பாளுக்குக் கீழே இருந்த உத்தியோகத்தர் அப்புத்துரை சேர்ட்டுக்குக் கீழே சாரம் கட்டியிருந்தார். காற்சட்டை கிளிநொச்சியில் நின்றுவிட்டது.

"கோப்பு?" என்று கேட்டார் ஆண்டியப்பன்.

"அதுவும் அங்கைதான்," என்றார் அப்புத்துரை. "திரும்ப எழுதித் தாருங்கோ. நிரந்தர முகவரி என்ன?"

ஆண்டியப்பன் தன் முகவரியைச் சொன்னார். அப்புத்துரை எழுதி முடித்துவிட்டு, "குடுத்து வைச்ச மனிசன்" என்று மெதுவாகச் சொன்னார். பக்கத்து மரத்தடியில் அவருடைய மனைவி மூன்று கல் வைத்துச் சோறு காய்ச்சிக்கொண்டிருந்தாள். அன்று பின்னேரம் ஞானேஸ்வரி அவர்களுக்கு ஒரு போத்தல் பால் கொடுத்தனுப்பினாள். அதற்குப் பிறகு தினமும் அனுப்பினாள். இது லஞ்சமா என்று ஆண்டியப்பன் கேட்டார். பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதற்குப் பெயர் லஞ்சம் என்றால் அந்தக் கந்தோர் அந்த மரத்தோடு சாயட்டும் என்று அவள் தோட்டத்துத் தமிழில் சொன்னாள்.

தொண்ணூற்றெட்டில், போரைச் சுற்றிக்கொண்டு எந்தெந்த வழியாகவோ, சான்றிதழ் வந்தது. ஆண்டியப்பன் இலங்கைப் பிரசை ஆனார். அப்புத்துரை எழுந்து நின்று கை கொடுத்தார். ஆண்டியப்பன் அந்தக் கடதாசியைக் கூரை ஒழுகாத ஒரே மூலையில் தொங்கவிட்டார். இத்தனை காலமும் அவரை ஒரு பொருட்டாக எண்ணாத அரசாங்கத்துக்கு அவர் இருப்பது இப்போது தெரிந்துவிட்டது. அடுத்த கிழமை குளக்கட்டுக்கு மேலால் ஷெல் கூவிக்கொண்டு போனபோது, பதுங்குகுழிக்குள் கிடந்த அவர், "இனி எங்களுக்குத்தான் அடிக்கிறாங்கள்" என்றார். அதுவரை மற்றவர்களுக்கு அடித்த ஷெல்லுக்குத்தான் அவர் ஒளித்திருந்தார்.

தொண்ணூற்றொன்பது தொடக்கத்தில் கொழும்புக்கு நேர்முகத்துக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. வன்னியை விட்டு வெளியே போக, அங்கே ஆட்சி நடத்திய இயக்கத்தின் பாஸ் வேண்டும். ஆண்டியப்பன் வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு பாஸ் கந்தோருக்குப் போனார். மேசைக்குப் பின்னால் ராஜினியிலும் இளைய ஒரு பொடியன் இருந்தான். மரியாதையான பொடியன்.

"எங்கை ஐயா போறியள்?"

"கனடாவுக்குத் தம்பி."

"எப்ப திரும்பி வருவியள்?"

"திரும்பி வரமாட்டம், தம்பி. நிரந்தரமாப் போறம்."

பொடியன் பேனையைக் கீழே வைத்தான். இப்படியொரு பதிலை அந்த மேசை அதுவரை கேட்டதில்லை. எல்லாரும் மருந்தெடுக்கப் போவார்கள், கலியாணத்துக்குப் போவார்கள், செத்தவீட்டுக்குப் போவார்கள். போய், திரும்பி வராமல் இருப்பார்கள். வரமாட்டேன் என்று முதலே சொல்லிவிட்டுப் போகிறவருக்கு எந்தப் பாஸ் கொடுப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. "அடுத்த மாசம் வாங்கோ" என்றான்.

அடுத்த மாதம் ஞானேஸ்வரி கூடப் போனாள். "இவருக்கு நெஞ்சுக்குள்ளை நோ. கொழும்பிலை காட்டிப்போட்டு வந்திடுவம்" என்றாள். ஆண்டியப்பன் தன் நெஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பொய் சொன்னதில் அங்கே உண்மையாகவே கொஞ்சம் நொந்தது.

பாஸ் உண்டு, ஆனால் பிணை வேண்டும். காணியுள்ள ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். குடும்பத் தலைவர் திரும்பி வந்து முகம் காட்டினால்தான் பிணை தீரும். வராவிட்டால் கையெழுத்து வைத்தவர் பதில் சொல்ல வேண்டும். இந்த மேசையில் ஆண்டியப்பன் குடும்பத் தலைவர். கனடாவின் போமில் தங்கிவாழ்பவர். இரண்டும் ஒரே ஆள்தான் என்று அவர் ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிணைக்கு வந்தவர் மயில்வாகனம். கேட்காமலே வந்தார். "நான் நிக்கிறன்" என்று சொல்லி, தங்கப் பூண் போட்ட பேனையால் ஆண்டியப்பனின் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை நீளமாக எழுதினார். ஆண்டியப்பன் அந்த இரண்டு பெயர்களையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். காணியுள்ள மனிதர் ஒருவர் அவரை நம்பித் தன் பெயரை எழுதியது அவருடைய வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

இரண்டு பக்கத்துச் சாவடிகளுக்கும் நடுவில் கிடந்த வெறும் நிலத்தை மூட்டையோடு நடந்து கடந்து வவுனியாவுக்குப் போனார்கள். அங்கே ஆமிக்காரன் கேட்டான்: "எப்ப திரும்பிப் போறது?" "கெதியாப் போயிடுவம் ஐயா" என்றார் ஆண்டியப்பன். கொழும்பில் பொலிஸ் பதிவில் கேட்டார்கள்: "எப்ப திரும்பிப் போறது?" "கெதியாப் போயிடுவம் ஐயா." போகிற இடமெல்லாம் அவர் திரும்பிப் போவதில்தான் எல்லாருக்கும் அக்கறை. அந்தப் பதிலைச் சொன்னால் எந்தக் கதவும் திறக்கும் என்று அவர் படித்துக்கொண்டார்.

கொட்டாஞ்சேனையில் தூரத்து உறவினர் வீட்டு அறையொன்றில் மாதக்கணக்காக இருந்தார்கள். கடவுச்சீட்டு எடுத்தார்கள். டொக்டர் நெஞ்சைச் சோதித்து ஒரு குறையுமில்லை என்றார். கடைசியில் நேர்முகம். நடுத்தர வயது வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் மேசையில் இருந்தார். பக்கத்தில் கழுத்தில் ரை கட்டிய தமிழ் மொழிபெயர்ப்பாளர். அந்த அம்மா முதலில் ஞானேஸ்வரியிடம் கேட்டார். அங்கே போய் என்ன செய்வாள்?

"மகளுக்கு ரெண்டு பிள்ளையள். அவள் வேலைக்குப் போறாள். நான் அதுகளைப் பாப்பன்."

பிறகு ஆண்டியப்பனின் பக்கம் திரும்பினார். கனடாவுக்குப் போனால், பிறகு இலங்கைக்குத் திரும்பி வரும் எண்ணம் உண்டா?

ஆண்டியப்பன் நிமிர்ந்தார். விடை நன்றாகத் தெரிந்த கேள்வி. "ஓம் அம்மா. கட்டாயம் திரும்பிப் போயிடுவன். பிணை வைச்சிட்டுத்தான் வந்திருக்கிறன்."

ஞானேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள். மொழிபெயர்ப்பாளர் ஆண்டியப்பனைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ சொன்னார். ஆண்டியப்பன் சொன்னதைவிட அது மூன்று மடங்கு நீளம். அந்தப் பெண்மணி சிரித்துத் தலையசைத்தார்.

"பிறந்த மண்ணிலை பாசமுள்ள ஆக்களை அவாவுக்குப் பிடிக்குமாம்," என்றார் மொழிபெயர்ப்பாளர். தான் என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. விசா கிடைத்தது.

வீதிக்கு வந்தபின் ஞானேஸ்வரி நின்றாள். "ஏங்க, ஒங்களுக்கு வாயில வேற எதுவுமே வராதா?"

ஆனால் ஆண்டியப்பன் அதை வாய்தவறிச் சொல்லவில்லை என்பது அன்று மாலைதான் அவளுக்குத் தெரிந்தது. ராஜினி இரண்டு விமான ரிக்கெற் அனுப்பியிருந்தாள். ஆண்டியப்பன் ஒன்றைத் தள்ளிப்போடச் சொன்னார்.

"நான் ஒருக்கால் போய் முகத்தைக் காட்டிப்போட்டு வாறன். விசாவுக்கு இன்னும் காலம் இருக்கு."

"எதுக்கு?"

"மயில்வாகனம் ஐயா பிணை நிண்டவர். நான் போகாட்டி அவரைப் பிடிச்சுக் கொண்டுபோய் இருத்திப்போடுவாங்கள்."

"இருத்தட்டுமே. பத்து வருசம் நம்மள வேப்பமரத்தடியில குந்த வச்ச மனுசன்தானே. கொஞ்ச நாளு அவரும் குந்தட்டும்."

"அவர் தன்ரை பேரை எழுதினவர், ஞானம்."

"ஒங்க பேரை நம்பி இல்லைங்க. கனடாவுல இருக்கிற தன் மகனுக்கு நாம ஒதவுவோம்னு நம்பி எழுதுனாரு."

அது உண்மையாக இருக்கலாம் என்று ஆண்டியப்பனுக்கும் தெரியும். ஆனால் எழுதிய பெயர் எழுதிய பெயர்தான். அவள் அழுதாள், திட்டினாள், ஒரு நாள் முழுக்கச் சோறு சாப்பிடாமல் இருந்தாள். அவர் பக்கத்தில் இருந்து விசிறினார். கடைசியில் விமான நிலையத்துக்கு வான் வந்து நின்றபோது அவளே சேலைத் தலைப்பால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டு, "ரெண்டு கிழமை. அதுக்கு மேலே ஒரு நாளும் கிடையாது" என்றாள். வானுக்குள் ஏறி, சூட்கேசை மடியில் வைத்துக்கொண்டு, கனடாவுக்குப் போகிற முகமே இல்லாமல் போனாள்.

புரட்டாதியில் ஆண்டியப்பன் அக்கராயனுக்குத் திரும்பினார். கனடாவுக்குப் போனவர் திரும்பி வந்தார் என்று சனம் பார்க்க வந்தது. விசா குத்திய கடவுச்சீட்டை வாங்கித் தடவிப் பார்த்தார்கள். பாஸ் கந்தோர்ப் பொடியன் நம்பாமல் இரண்டு தரம் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிணையை வெட்டினான்.

"ஏன் ஐயா வந்தனீங்கள்?" என்றான்.

"நீங்கள்தானே தம்பி வரச்சொன்னியள்."

மூன்றாம் நாள் மயில்வாகனம் கொட்டிலுக்கு வந்தார். முதல் தடவையாக வந்தார். ஞானேஸ்வரி இல்லாத குசினியை எட்டிப் பார்த்து "பாவம்" என்றார். பிறகு கண்ணைக் கசக்கினார்.

"கண்ணிலை வெள்ளை படருது, ஆண்டியப்பன் அண்ணை. கொழும்பிலை வெட்ட வேணுமாம். ஒரு கிழமைதான். பிணைக்கு ஒரு ஆள் வேணும்."

"அண்ணை" என்ற சொல் காதுக்குள் போய்ச் சேர ஆண்டியப்பனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. தனக்கிருந்த துண்டுக் காணியின் பெயரில் அன்றைக்கே கையெழுத்து வைத்தார். "இவர் வரும்வரைக்கும் உங்களுக்குப் பாஸ் இல்லை, விளங்குதோ ஐயா?" என்று பொடியன் கேட்டான். விளங்கியது. ஒரு கிழமைதானே.

மயில்வாகனம் புறப்படும்போது கண் நோயாளிக்குத் தேவைக்கு மேலான மூட்டைகள் ட்ராக்டரில் ஏறின. வீட்டுச் சுவரில் இருந்த மணிக்கூட்டையும் கழற்றியிருந்தார். ஆண்டியப்பன்தான் மூட்டைகளைத் தூக்கி ஏற்றிவிட்டார்.

ஒரு கிழமை போனது. ஐப்பசி போனது. கார்த்திகையில் பெரிய சண்டை தொடங்கியது, பாதைகள் பூட்டின. ஆண்டியப்பன் காத்திருக்கத் தெரிந்தவர். காத்திருக்கிற நேரத்தில் முதல் வேலையாகக் கிடுகு வாங்கிக் கூரையை வேய்ந்தார். விசா முடிகிற நாள் பங்குனியில் வந்தது. அன்று காலையில் கடவுச்சீட்டைப் பிஸ்கற் ரின்னிலிருந்து எடுத்து, அதில் இருந்த தன் படத்தைப் பார்த்தார். படத்தில் இருந்த மனிதர் இன்னும் கனடாவுக்குப் போகிற நம்பிக்கையில் இருந்தார். மூடி வைத்துவிட்டுக் குளக்கட்டில் போய் வெயில் சாயும் வரை இருந்தார். பசுவை அவிழ்த்துக் கட்ட வேண்டும் என்ற ஞாபகம் வந்தபோது எழும்பினார்.

இதற்கிடையில் மயில்வாகனம் எந்தெந்த நாடுகளுக்குள்ளாலோ போய் ரொறன்ரோவில் மகனிடம் சேர்ந்துவிட்டார் என்று செய்தி வந்தது. பாஸ் கந்தோர் ஆண்டியப்பனைக் கூப்பிட்டது. ஓடிப்போனவரின் பிணைக்காரர் என்ற முறையில் அவருக்குத் தண்டனை உண்டு. ஓடிப்போனவரின் பத்து ஏக்கரும் தரிசாய்ப் போகக்கூடாது. அதை ஆண்டியப்பனே செய்து, விளைச்சலில் பாதியை ஒப்படைக்க வேண்டும்.

"மற்றப் பாதி?" என்று கேட்டார்.

"அது உங்களுக்குத்தான் ஐயா. தண்டனையெண்டாலும் சாப்பிடத்தானே வேணும்."

இத்தனை வருடம் கூலிக்குச் செய்த அதே வேலையை ஆண்டியப்பன் தண்டனையாகச் செய்யத் தொடங்கினார். தண்டனையில் கிடைத்த நெல் கூலியில் கிடைத்ததைவிட எத்தனையோ மடங்கு. சிறுபோக அருவி வெட்டு முடிந்தபோது, நெல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று, தான் என்ன குற்றம் செய்தோம் என்று அவர் யோசித்தார். இவ்வளவு நெல்லுக்குத் தகுந்த குற்றம் எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

இன்னொன்றும் நடந்தது. வன்னியில் பாஸ் தேவைப்பட்டவர்கள் பிணைக்கு ஆள் தேடினார்கள். பிணை நின்று பட்டவர்கள் எல்லாரும் கையை மடக்கிக்கொண்ட காலம். கனடா விசாவோடு கொழும்பில் நின்று, பிணைக்காகத் திரும்பி வந்த மனிதன் ஒருவன் அக்கராயனில் இருக்கிறான் என்ற கதை முரசுமோட்டை வரைக்கும் போயிருந்தது. ஒரு நாள் இதயத்தில் ஓட்டையுள்ள விமலேஸ்வரி என்ற பெண்ணைச் சைக்கிள் கரியரில் வைத்து அவளுடைய புருசன் யோகநாதன் உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஆஸ்பத்திரி வாகனத்திலை விட வழியிருக்கு அண்ணை. பிணைதான் இல்லை."

"எனக்கு இருக்கிறதே ஒரு துண்டுக் காணி. அதுவும் மயில்வாகனம் ஐயாவின்ரை பிணைக்கு எழுதியாச்சு."

"காணி வேண்டாமாம். ஆண்டியப்பன் கையெழுத்து வைச்சால் காணுமெண்டு பாஸ் கந்தோரிலை சொல்லுறாங்கள்."

விமலேஸ்வரி மூச்சு வாங்கிக்கொண்டு கரியரைப் பிடித்தபடி நின்றாள். ஆண்டியப்பன் கையெழுத்து வைத்தார். அவள் கொழும்புக்குப் போய், வெட்டுவித்து, மூன்று மாதத்தில் திரும்பி வந்தாள். வந்த உடனே வீட்டுக்குப் போகாமல் நேரே அவருடைய படலையில் வந்து நின்று, "வந்திட்டன் அண்ணை" என்றாள். ஆண்டியப்பன் வரம்பிலிருந்து ஓடி வந்து, "சாப்பிட்டியோ பிள்ளை?" என்று கேட்டார்.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு தை மாதம் ஞானேஸ்வரியிடமிருந்து ஒரு கசெற் வந்தது. பற்றரி கிடைக்காத ஊர். கனகலிங்கத்தின் வீட்டு முற்றத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றெக்கோடரை ஓடவிட்டுக் கேட்டார்கள். பனி, பேரப்பிள்ளைகள், லிப்டுக்குள் அகப்பட்ட கதை எல்லாம் சொல்லிவிட்டு ஞானேஸ்வரி குரலை மாற்றினாள்.

"போன கிழமை தமிழ்க்கடைக்குப் போனேங்க. அங்க அரிசி மூட்டை அடுக்கிக்கிட்டு நின்னது யாருன்னு நினைக்கிறீங்க? நம்ம மயில்வாகனம் ஐயா. 'ஆண்டியப்பன் அண்ணை எப்ப வாறார்?'னு என்கிட்டயே கேக்குறாரு. கண்ணு நல்லாத்தான் தெரியுது. நான் கடைன்னும் பாக்கல, சனம்னும் பாக்கல. தோட்டத்துல எங்கம்மா பேசுற மாதிரி பேசிட்டேன். மூட்டையைக் கீழ வைக்கவும் மறந்து நின்னாரு. அப்புறம் பாவமாப் போச்சு. மகன் வீட்டுல நிலக்கீழ் அறையில இருக்காராம். கதிரைகூட இல்லையாம்." பேரப்பிள்ளை ஒன்றை அவள் அதட்டுவது கேட்டது. "நான் திரும்ப எழுதிப் போட்டுருக்கேன். இந்தத் தடவை பொஞ்சாதி புருசனைக் கூப்பிடுறது. ஆனா ஒண்ணு. இனிமே யாருக்கும் பிணை கிணைன்னு கையெழுத்து வைக்காதீங்க. ஒங்களைக் கும்புட்டுக் கேக்குறேன்."

கனகலிங்கம் கசெற்றை மற்றப் பக்கம் திருப்பிப் போட்டார். பதில் அதிலேயே பேசி அனுப்பச் சொல்லியிருந்தாள். ஆண்டியப்பன் றெக்கோடருக்கு முன்னால் கைகட்டி நின்றார். கனகலிங்கம் பெடலைச் சுற்றினார்.

"அன்புள்ள ஞானேஸ்வரி அறிவது," என்று தொடங்கினார். பிறகு, அது கடிதமில்லை என்று ஞாபகம் வந்து, இருமினார். "ஞானம், நான் சுகம். பசு நாகு கண்டு போட்டிருக்கு, நெத்தியிலை சுட்டி. குளம் இந்த முறை நிரம்பி வான் பாஞ்சது. கூரை ஒழுகிறேல்லை. நீ வைச்ச கறிவேப்பிலை வேலிக்கு மேலை வந்திட்டுது, அப்புத்துரை பெஞ்சாதி வந்து ஒடிச்சுக்கொண்டு போறவா. அங்கை குளிருக்கு முழங்கால் நோகுதோ? எண்ணெய் போடு. பிள்ளையளுக்குச் சோத்தைப் பிசைஞ்சு குடு, கரண்டியாலை குடுக்காதை."

கனகலிங்கத்துக்கு மூச்சு வாங்கியது. பெடல் மெதுவாகச் சுற்ற, றெக்கோடரின் சிவப்பு விளக்கு மங்கியது.

"வேகமாச் சுத்துங்கோ ஐயா, குரல் இழுபடப்போகுது," என்றார் ஆண்டியப்பன். அதுவும் பதிவானது.

பிணையைப் பற்றி என்ன சொல்வது என்று அவர் யோசித்தார். விமலேஸ்வரிக்குப் பிறகு இன்னும் சில பேருக்கு வைத்திருந்தார். ஒரு கர்ப்பிணி, ஒரு வாத்தியார், கண் உண்மையாகவே தெரியாத ஒரு கிழவர். கிழவர் இன்னும் வரவில்லை.

"மற்றும்படி விசேசம் ஒண்டுமில்லை," என்றார். "நீ போமை எழுதிப் போடு. நான் இஞ்சைதான் நிக்கிறன்."

கனகலிங்கம் பெடலை விட்டுவிட்டு மணலில் இருந்துவிட்டார். படலையில், ஆண்டியப்பனைத் தேடி, ஒரு சைக்கிள் வந்து நின்றது. கரியரில் யாரோ தலையில் துணி சுற்றிக்கொண்டு இருந்தார்கள். ஆண்டியப்பன் கசெற்றை எடுத்துச் சேர்ட் பைக்குள் போட்டுக்கொண்டு, "ஆர் பிள்ளை?" என்று கேட்டபடி படலைக்குப் போனார்.